லிஃப்டில் நாய் வந்தால்...: மார்க்கமும் சட்டமும் அண்டை வீட்டார் உறவும்



நம் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் பெரும்பாலும் கல்வி உதவி, மருத்துவ உதவி, குடும்பப் பிணக்கு என்றுதான் மனுக்கள் வரும். சமீப காலமாகப் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வசிக்கும் நம் குடும்பங்கள், பக்கத்து வீட்டு நாயைப் பற்றிய புகாரோடு வருகின்றன.

அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறோம். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குக் கிளம்பிய ஒரு சகோதரர் ஆறு வயது மகனின் கையைப் பிடித்தபடி நான்காவது மாடியில் லிஃப்டுக்காக நின்றிருக்கிறார். கதவு திறந்ததும் உள்ளேயிருந்து ஒரு பெரிய நாய் பாய்ந்து அவர் ஜிப்பாவை நக்கியது. பையன் அலறினான். நாயைக் கூட்டி வந்த அம்மையார், "அவன் ஒண்ணும் பண்ண மாட்டான், குழந்தை மாதிரி" என்றார். இவர் கோபத்தில் ஏதோ சொல்ல, அவர் பதிலுக்கு, "உங்க ஆளுங்களுக்கு நாய்னாலே ஆகாதே" என்று சொல்லிவிட்டார். மாலைக்குள் அந்தக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவே இரண்டு கட்சியாகிவிட்டது.

மறுநாள் அந்தச் சகோதரர் நம்மிடம் வந்தார். நாயை லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று சங்கத்துக்கு மனு எழுதித் தர வேண்டும் என்பது அவர் கோரிக்கை. எழுதுவதற்கு முன் நாங்கள் ஆலிம்களிடம் மார்க்கத்தையும், வழக்கறிஞர் ஒருவரிடம் சட்டத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டோம். கேட்டு முடித்தபோது, அந்த மனுவை எழுத வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. நாங்கள் தெரிந்துகொண்டதை எல்லாக் குடும்பங்களும் அறிவது நல்லது என்பதால் இங்கே தருகிறோம்.

மார்க்கம் நாயை வெறுக்கச் சொல்கிறதா?

இல்லை. பூமியில் ஊரும் உயிர்களும் பறக்கும் பறவைகளும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தை அல்குர்ஆன் 6:38 சொல்கிறது. குகைவாசிகளின் வரலாற்றில், வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்த அவர்களின் நாயையும் அல்லாஹ் குறிப்பிடுகிறான் (18:18). பயிற்றுவிக்கப்பட்ட வேட்டை விலங்குகள் நமக்காகப் பிடித்துத் தருவது ஆகுமானது என்று 5:4 அனுமதிக்கிறது.

தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காக ஒருவர் கிணற்றில் இறங்கி, தம் காலுறையில் தண்ணீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு மேலேறி வந்து புகட்டினார். அதற்காக அல்லாஹ் அவரை மன்னித்தான் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கால்நடைகளுக்குச் செய்வதிலும் நமக்குக் கூலி உண்டா என்று ஸஹாபாக்கள் கேட்டபோது, உயிருள்ள எதற்குச் செய்தாலும் உண்டு என்ற கருத்தில் நபியவர்கள் பதில் அளித்தார்கள். பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகடித்த பெண் நரகத்துக்குரியவளானாள் என்ற செய்தியையும் நாம் அறிவோம்.

அதே மார்க்கம் ஓர் எல்லையும் வகுத்திருக்கிறது. கால்நடைக் காவல், வேட்டை, விவசாயம் ஆகிய தேவைகள் இல்லாமல் நாய் வளர்ப்பவரின் நன்மையிலிருந்து நாள்தோறும் ஒரு கீராத் குறையும் என்று ஹதீஸ் எச்சரிக்கிறது. சில அறிவிப்புகளில் இரண்டு கீராத் என்று வருகிறது. நாய் இருக்கும் வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்ற செய்தியும் உண்டு. வீட்டுக் காவல், பார்வையற்றோருக்கு வழிகாட்டுதல் போன்ற உண்மையான தேவைகளை முன்சொன்ன விதிவிலக்குகளோடு ஒப்பிட்டு அனுமதிக்கும் ஆலிம்கள் பலர் உள்ளனர். 2008இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், பார்வையற்ற ஒரு முஸ்லிம் இளைஞரின் வழிகாட்டி நாய் பள்ளிவாசல் வளாகத்துக்குள் வர அனுமதிக்கப்பட்டது. தொழும் இடத்துக்கு வெளியே அதற்கென்று தனி இடம் ஒதுக்கினார்கள்.

ஆக, நாய்க்கு உணவும் தண்ணீரும் இரக்கமும் உரிமை. வீட்டுக்குள் பிள்ளையின் இடம் அதற்கு இல்லை. இரண்டும் ஒரே மார்க்கம் சொல்வதுதான். ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட முடியாது.

ஆடையில் நாய் பட்டால் தொழலாமா?

நம்மிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. சிலர் லிஃப்டில் நாயைப் பார்த்ததற்கே வீடு திரும்பிக் குளிக்கிறார்கள். அது தேவையில்லை.

முதலாவது, நாய் தொட்டாலும் உளூ முறியாது. அசுத்தம் பட்ட இடத்தைக் கழுவினால் போதும்.

இரண்டாவது, உலர்ந்த நாயின் உடல் உலர்ந்த ஆடையில் உரசினால் எதையும் கழுவ வேண்டியதில்லை. இதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இல்லை.

மூன்றாவது, ஈரம் பட்டால்தான் கருத்து வேறுபாடு. ஷாஃபிஈ மத்ஹபில் நாய் முழுவதும் நஜீஸ். அதன் எச்சிலோ ஈர உடலோ பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். ஹனஃபி மத்ஹபில் எச்சில் நஜீஸ். மூன்று முறை கழுவினால் போதும், ஏழு முறை கழுவுவது சிறப்பு. மாலிகி மத்ஹபில் நாயே தூய்மையானது. பாத்திரத்தைக் கழுவச் சொன்னது வணக்கத்தின் அடிப்படையிலான கட்டளை என்கிறார்கள். உங்கள் மத்ஹபின்படி உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

நான்காவது, பட்டதா இல்லையா என்று சந்தேகம் மட்டும் இருந்தால், படவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். உறுதியை வெறும் சந்தேகம் நீக்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. லிஃப்டின் தரையில் நாய் நின்றிருக்குமோ, சுவரை நக்கியிருக்குமோ என்று வஸ்வாஸுக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

"எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி"

இன்று நகரங்களில் நாய்க்குப் பிறந்தநாள் கேக் வெட்டுகிறார்கள். சட்டை போட்டு, தள்ளுவண்டியில் வைத்துக் கடைவீதிக்குக் கூட்டி வருகிறார்கள். உணவகத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். 2022 நவம்பர் முதல் ஆகாசா ஏர் விமானங்களில் சிறிய நாய்களைக் கூண்டில் வைத்துப் பயணியர் அறைக்குள்ளேயே கொண்டுபோகலாம். ரயிலில் கட்டுப்பாடு அதிகம்: முதல் வகுப்பு ஏசியில் கூபே அல்லது கேபின் முழுவதையும் பதிவு செய்தவர்தான் நாயைத் தம்முடன் வைத்துக்கொள்ளலாம், மற்றபடி கார்டு பெட்டிக்குத்தான் போக வேண்டும்.

இதில் நம்முடைய ஆட்சேபம் எது என்பதில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். ஒருவர் தம் வீட்டுக்குள் நாயை எப்படி வளர்க்கிறார் என்பது அவர் விருப்பம். மாற்று மதச் சகோதரர்களை நம் ஃபிக்ஹைக் கொண்டு அளக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் லிஃப்ட், படிக்கட்டு, பூங்கா, உணவகம் ஆகியவை எல்லோருக்கும் பொது. அங்கே ஒருவரின் செல்லம் இன்னொருவருக்குப் பயமாகவோ, தொழுகைக்கு இடையூறாகவோ, ஒவ்வாமையாகவோ இருக்கலாம். "அவன் ஒண்ணும் பண்ண மாட்டான்" என்பது வளர்ப்பவருக்குத் தெரியும். எதிரே நிற்கும் குழந்தைக்குத் தெரியாது. நாயைப் பிள்ளை என்று நினைப்பவரிடம் கேட்கத்தக்க நியாயமான கேள்வி ஒன்று உண்டு. நம் பிள்ளையே ஆனாலும், முன்பின் தெரியாதவர் மேல் பாய விடுவோமா?

நாயின் பக்கமும் ஒன்று இருக்கிறது. நம் ஊர் வெயிலில் சட்டை போட்ட நாய் சுகமாக இருக்காது. அதன் உடல் சூடு பெரும்பாலும் மூச்சிரைப்பதால்தான் தணிகிறது. கூட்டமும் வெடிச்சத்தமும் அதற்கு வேதனை. மிரண்ட நாய்தான் கடிக்கும். நாயை நாயாக நடத்துவதே அதற்குச் செய்யும் இரக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது?

செல்லப் பிராணிகள் குறித்து இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் குடியிருப்போர் சங்கங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி, பெரும்பான்மை வாக்கெடுப்பு நடத்திக்கூட ஒரு குடியிருப்பில் நாய் வளர்ப்பதைச் சங்கம் தடை செய்ய முடியாது. லிஃப்டில் ஏற்றவே கூடாது என்றும் சொல்ல முடியாது. நம் சகோதரர் கேட்ட மனு எங்கும் செல்லுபடியாகியிருக்காது.

அதே நேரம் வளர்ப்பவருக்கும் கடமைகள் உண்டு. பொது இடத்தில் நாயைக் கயிற்றில் பிடித்து வர வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கழிவை அள்ள வேண்டும். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். தம் பிராணியால் மற்றவருக்கு ஆபத்து வராமல் கவனிக்கத் தவறுபவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

நமக்கும் ஓர் எச்சரிக்கை: கோபத்தில் நாய்க்கு விஷம் வைப்பதும், அடித்து ஊனப்படுத்துவதும் 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறை தரும் குற்றம். சட்டத்தைவிடப் பெரிய கணக்கு மறுமையில் இருக்கிறது.

கடித்துவிட்டால்

வளர்ப்பு நாய்தானே என்று அலட்சியம் வேண்டாம். வெறிநோயின் அறிகுறி தோன்றிய பிறகு பிழைப்பது ஏறத்தாழ இயலாது. காயத்தை உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போடும் ஊசிகளில் ஒன்றையும் விடக்கூடாது. கீறல் உள்ள தோலில் நாய் நக்கினாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குழந்தைகள் அடி விழும் என்று பயந்து கடியை மறைப்பார்கள். நாய் கடித்தால் யாரும் திட்ட மாட்டோம் என்று இன்றே அவர்களிடம் சொல்லி வையுங்கள்.

ஏழு முறை கழுவச் சொன்னது இந்த நோய்க்காகத்தான் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். அது தூய்மைக்கான மார்க்கக் கட்டளை, அதற்காகவே நிறைவேற்றுகிறோம். வெறிநோய்க்குச் சோப்பும் ஊசியும்தான்.

பிறகு என்ன நடந்தது?

மனுவுக்குப் பதில், அந்தச் சகோதரரையும் அவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு அந்த அம்மையார் வீட்டுக்குப் போனோம். கணவரை இழந்தவர். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். "பாய், இந்த வீட்ல நான் பேசினா திரும்பிப் பார்க்கிறது இது ஒண்ணுதான்" என்றார். அதற்குப் பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஒரே மாடியில் மூன்று ஆண்டு இருந்தும், அவர் தனியாக இருக்கிறார் என்பது நம் குடும்பத்துக்குத் தெரிந்திருக்கவில்லை. அண்டை வீட்டார் உரிமையைப் பற்றி எத்தனை ஜும்ஆக்களில் கேட்டிருப்போம்!

நாய் நக்கினால் ஆடையைக் கழுவாமல் தொழ முடியாது என்பதை நாங்கள் விளக்கியபோது அவர் திகைத்தார். "என்னைப் பார்த்துதான் முகம் சுளிக்கிறீங்கன்னு நினைச்சேன். இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். சகோதரரும் தம் வார்த்தைக்கு வருத்தம் தெரிவித்தார். லிஃப்டில் கயிற்றைக் குட்டையாகப் பிடிப்பது, யாராவது உள்ளே இருந்தால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பது, வெள்ளி மதியம் நாயைச் சற்று முன்னதாகவே வெளியே கூட்டிப் போவது என்று பேசி முடிந்தது. பையனுக்குப் பயம் முழுதும் போகவில்லை. இன்னும் அத்தாவின் பின்னால்தான் ஒளிகிறான். ஆனால் சென்ற ரமளானில் அந்த அம்மையாருக்கு நோன்புக் கஞ்சிச் சட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தது அவன்தான்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு நாம் சொல்வது இவ்வளவுதான். பிரச்சினை வந்தால் வாட்ஸ்அப்பில் எழுதாமல் நேரில் போய்ப் பேசுங்கள். "எங்களுக்கு நாய் பிடிக்காது" என்பதைவிட, "ஈரம் பட்டால் தொழுகைக்கு முன் கழுவ வேண்டியிருக்கிறது" என்று காரணத்தைச் சொல்லுங்கள். நாயைக் கண்டால் ஓடாமல், கத்தாமல், அசையாமல் நிற்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். பேசியும் கேட்காமல் நாயை அவிழ்த்து விடுபவர்மேல் சங்கத்திலும், பிறகு உள்ளாட்சியிலும் எழுத்தில் புகார் கொடுங்கள்; நாங்கள் துணை வருகிறோம்.

நம் பக்கமும் திருத்த வேண்டியவை உண்டு. மதரஸா விட்டு வரும் நம் பிள்ளைகள் தெருநாய்மேல் கல்லெறிவதைக் கண்டும் காணாமல் போகிறோம். விருந்து மிச்சத்தையும் குர்பானிக் கழிவையும் தெருமுனையில் கொட்டி, நாம்தான் நாய்களைக் கூட்டுகிறோம். கோடையில் வாசலில் ஒரு சட்டித் தண்ணீர் வைக்க எந்த மத்ஹபும் தடுக்கவில்லை. கிணற்றில் இறங்கியவரின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, கையில் கல்லோடு அவர்களை அனுப்ப முடியாது.

அல்லாஹ் நம் உள்ளங்களில் இரக்கத்தையும், நம் அண்டை வீட்டாரோடு நல்லுறவையும் தந்தருள்வானாக. ஆமீன்.