இருவர் கைபடச் செய்த மணவோலை

திருமணத்தை ஆயிரங் காலத்துப் பயிர் என்று கூறுதல் நம்மவர் வழக்கு. அப்பயிரை வளர்க்கப் போகும் இருவரும் முதன்முதலாகச் சேர்ந்து கைவைக்கத்தக்க வேலை எது? அழைப்பிதழ் ஆயத்தஞ் செய்வதே என்பது நமது எண்ணம்.

அழைப்பைக் கையால் எழுதுதல் நமக்குப் புதிதன்று. அச்சு வருமுன் செய்தி சுமந்து சென்றது பனையோலை. 'மணவோலை' என்னுஞ் சொல் இன்றும் அதனை நினைவூட்டுகின்றது. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிஷனின் அச்சுக்கூடமும், வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலரின் அச்சுக்கூடமும் இயங்கின. காலப்போக்கில் அச்சிட்ட அழைப்பிதழே வழக்கமாயிற்று. இப்பொழுதோ கைத்தொலைபேசியில் ஒரு படமாகவே அழைப்பு வந்துவிடுகின்றது. இந்நாளில் மணமகனும் மணமகளும் ஒருங்கே அமர்ந்து கைப்பட அழைப்பிதழ் செய்வது வீண் பிரயாசையாகுமா? ஆகாது என்போம்.

முதலிற் கடதாசி. சதுர மீற்றருக்கு 160 கிராம் நிறையுள்ளது எழுதவும் மடிக்கவும் ஏற்றது. ஏ4 தாள் ஒன்றைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் நடுவே மடித்தால் இரண்டு அழைப்பிதழ்கள் ஆகும். 100 அழைப்பிதழ்களுக்கு 50 தாள்; பிழைபடுவனவற்றுக்கென மேலும் 5 தாள். 2022ஆம் ஆண்டில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதை மாணவர்கள் மறந்திரார். ஆதலால் அளந்தே வெட்டுக. மரத்தைப் போலக் கடதாசிக்கும் நார்ப்போக்கு உண்டு. மெல்ல வளைத்துப் பார்த்து, இலகுவாக வளையும் பக்கமாகவே மடித்தல் வேண்டும். மாறி மடித்தால் மடிப்பு வெடிக்கும்.

முகப்பிலே நிறைகுடம் பொறிக்கலாம். அழிறப்பர்த் துண்டிற் செதுக்கினால் அதுவே அச்சு. எழுத்துகளைச் செதுக்குவதாயின் கண்ணாடியிற் காண்பதுபோல் இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். நிறைகுடமோ இரு புறமும் ஒத்த வடிவினது. நீரிற் கரையாத மையையே கொள்க. நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவியபின் நிழலில் உலர்த்துக. வெயிலில் மஞ்சள் வெளிறிவிடும். எழுத்து அழகுள்ளவர் எழுத, மற்றவர் கோடிடலாம், மடிக்கலாம், பிழை பார்க்கலாம். ஒன்றுக்கு 6 நிமிடம் சென்றாலும் 100க்கு 10 மணித்தியாலம். இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு 5 மணித்தியாலமே.

ஆயினும் கடதாசியும் மையும் இதில் எளிய பகுதி. கடினமானவை சொற்களே. நம் வழக்கில் அழைப்பவர் பெற்றோர். ஆகவே முதற்படியை இரு வீட்டுப் பெரியோருக்குங் காட்டி இசைவு பெறுதல் முறை. தந்தையின் பெயருக்கு முன் 'காலஞ்சென்ற' என்று எழுத வேண்டிய வீடுகள் உண்டு. 2009இல் முடிவுற்ற போரிலே காணாமற் போனவரை இன்றும் எதிர்பார்த்திருக்கும் வீடுகளும் நம்மிடையே உண்டு. அவ்வீட்டு மகளின் அழைப்பிதழில் தந்தையின் பெயருக்கு முன் என்ன எழுதுவது? 'காலஞ்சென்ற' என எழுதத் தாயின் மனம் ஒப்புமா? அச்சகத்தின் மாதிரிப் புத்தகத்தில் இதற்கு விடையில்லை. அடைமொழி எதுவுமின்றிப் பெயரை மட்டும் எழுதலாம். அதனையும் தாயைக் கேட்டே எழுதுதல் வேண்டும். அவ்விடத்திலே மணமகன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பொறுத்திருப்பானாயின், தான் சேரப்போகுங் குடும்பத்தின் துயரத்தில் அன்றே பங்குகொண்டவனாவான்.

பெயர்ப் பட்டியலும் அத்தகையதே. மணமகளின் உறவினர் பெயர்களை மணமகன் எழுதட்டும். மணமகனின் உறவினர் பெயர்களை மணமகள் எழுதட்டும். "இவர் உமக்குக் குஞ்சையாவா, அம்மானா?" என்று கேட்டுக் கேட்டு எழுதுகையில், மணநாளில் அந்நியராய்த் தோன்றக்கூடிய முகங்கள் உறவாகிவிடும். "இவர் பெயரை ஏன் விட்டீர்?" என்ற வினாவும் எழும். பழைய காணிப் பிணக்கு ஒன்று வெளிவரும். பெற்றோர் பேச்சை விட்ட வீட்டுக்குப் பிள்ளைகள் கைப்பட எழுதிய ஓலையோடு நேரிற் சென்றால், கதவு திறவாதிருப்பது அரிது. திறவாவிடினும், அழைக்கவில்லை என்ற குறை நம் பக்கத்தில் இராது.

பணம் மிச்சமாகும் என்பதற்காக மாத்திரம் நாம் இதனைக் கூறவில்லை. எதனைச் சொல்வது, எதனை விடுவது, யாரைக் கேட்பது என்று இருவர் கூடி முடிவு செய்யும் பழக்கம் இம்மேசையிலே தொடங்குகின்றது. இல்லறம் முழுவதும் வேண்டப்படுவது அப்பழக்கமன்றோ? கோடு சற்றே கோணினாலுங் குறையில்லை.

செய்தவற்றுள் ஒன்றை எவருக்குங் கொடாது பெட்டியில் வைத்திடுக. பின்னொருகாற் பிள்ளைகள் அதனை எடுத்து, "இது ஆருடைய கையெழுத்து?" என்று கேட்பார்கள். இருவருடையதும் என்று விடை கூறும் பேறு மணமக்களுக்குக் கிட்டுவதாக.