‘வாறன்’ என்று எழுதுவது பிழையா?

கொழும்பு வெள்ளவத்தைக் குடும்பம் ஒன்றின் வட்ஸ்அப் குழுவில் மூன்று தலைமுறைகள் மூன்று விதமாக எழுதும். அம்மம்மா எழுதவே மாட்டார். குரல்பதிவு அனுப்புவார், இல்லாவிட்டால் எங்கிருந்தோ வந்த பூப்போட்ட காலை வணக்கத்தைத் தட்டிவிடுவார். பெரியப்பா தமிழ் எழுத்தில், முழு வாக்கியமாக, முற்றுப்புள்ளி தவறாமல் எழுதுவார். பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவார்கள், உயிரெழுத்துகளில் பாதியை விழுங்கி, நடுவில் ஒரு சிங்களச் சொல்லையும் சேர்த்து. கொட்டாஞ்சேனையிலும் இதே கதைதான், பேச்சு வழக்கு மட்டும் கொஞ்சம் மாறும். இந்தப் பிள்ளைகள்மீது பெரியவர்கள் சொல்லும் குற்றச்சாட்டு மூன்று: இலக்கணம் இல்லை, எழுத்துக்கூட்டல் இல்லை, எழுத்தே தமிழ் இல்லை. ஆராய்ந்து பார்த்தால் முதல் இரண்டும் நிற்காது. மூன்றாவது நிற்கும். ஆனால் முதல் இரண்டையும் சொல்லிச் சொல்லியே மூன்றாவதை நாம் வளர்த்துவிட்டோம்.

முதலில் இலக்கணம். யாழ்ப்பாண வழிவந்த பிள்ளை ‘நான் வாறன்’, ‘நீ வாறாய்’, ‘அவை வருகினம்’ என்று எழுதுகிறது. பாடப்புத்தகத்தின்படி ‘வருகிறேன்’, ‘வருகிறாய்’ என்றிருக்க வேண்டும். ‘அவை’ அஃறிணைப் பன்மை, மனிதருக்கு ஆகாது. சிவப்பு மையை எடுத்தால் வரிக்கு இரண்டு கோடு போடலாம். ஆனால் அதே பிள்ளை ‘மாடுகள் வருகினம்’ என்று ஒருநாளும் எழுதாது. ‘நான் வாறாய்’ என்று கை தவறியும் தட்டாது. தன்மை ஒருமைக்கு எந்த விகுதி, மனிதர் பலருக்கு எந்த விகுதி என்பதில் அதற்குத் தடுமாற்றமே இல்லை. கொட்டாஞ்சேனைப் பிள்ளை ‘வாரேன்’, ‘வர்றாங்க’ என்று எழுதும்போது அங்கே இயங்குவது இன்னோர் ஒழுங்கு. இலக்கணம் என்பது ஒழுங்கு என்றால் இங்கே இருப்பதும் இலக்கணமே. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு. மொழியியலாளர் சார்ல்ஸ் பெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு மொழிகளைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் தமிழும் பேசப்படுகிறது. அம்மாவிடம் ஒருநாளும் பேசாத மொழியில்தான் அம்மாவுக்குக் கடிதம் எழுதி வந்தோம். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று வீட்டு வாசலில் நின்று யாரும் சொல்வதில்லை. கைத்தொலைபேசி வந்தபின் நடந்தது என்னவென்றால், அதுவரை காற்றோடு போன பேச்சு முதன்முறையாகப் பெருமளவில் எழுத்தில் விழத் தொடங்கியது. எழுத்துத் தமிழ் கெட்டதாகத் தோன்றும் இடத்தில் உண்மையில் நாம் பார்ப்பது, எழுதப்பட்ட பேச்சுத் தமிழை.

எழுத்துக்கூட்டலுக்கும் இதே நியாயம் பொருந்தும். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவதற்கு விதியே இல்லை என்பார்கள். ‘சாப்பிட்டியா’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் அதன் நடுவில் வரும் ‘ட்ட’ பெரும்பாலும் ‘டி’ என்ற ஆங்கில நான்காம் எழுத்தை இரட்டித்து வரும். தமிழ்நாட்டு வழக்குக்கு நெருங்கிய வீடுகளில் இருபதாம் எழுத்தான ‘ரீ’யே வரும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கவில்லை. வட்டுக்கோட்டையை ஆங்கிலத்தில் எழுதும்போது நாம் ‘டி’யை இரட்டிக்கிறோம்; பட்டுக்கோட்டையை எழுதும்போது தமிழ்நாட்டார் ‘ரீ’யை இரட்டிக்கிறார்கள். பெயர்ப்பலகையிலும் அடையாள அட்டையிலும் தாத்தா காலத்திலிருந்து கிடக்கும் மரபுதான் பேரப்பிள்ளையின் விரலில் இறங்கியிருக்கிறது. தமிழ் எழுத்திலும் இப்படி ஒரு பிளவு உண்டு. மூத்தவர்கள் ‘ரீவி’, ‘ரிக்கற்’, ‘ரொறன்ரோ’ என்று எழுதுவார்கள். சென்னைத் தொலைக்காட்சியோடு வளர்ந்தவர்கள் ‘டிவி’, ‘டிக்கெட்’ என்பார்கள். இவற்றில் எதையும் பிழை என்று சொல்ல முடியாது. ஒரே ஒலியை எழுத இரண்டு கரைகளில் இரண்டு வழிகள் ஏற்பட்டன, அவ்வளவே.

சுருக்கி எழுதுவதும் புதிய பழக்கமல்ல. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். எகர ஏகாரக் குறில் நெடிலையும் வாசிப்பவரே ஊகித்துக்கொண்டார். அந்த வேறுபாட்டை எழுத்தில் காட்ட வழி செய்தவராக வீரமாமுனிவரைச் சொல்கிறோம். எழுதும் கருவி எதை இடைஞ்சலாக்குகிறதோ அது குறைந்துபோகும். கைத்தொலைபேசியின் இடைஞ்சல் கணக்காகவே இருந்தது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தென்றால் 160 குறிகள் அடங்கும்; தமிழுக்கு மாறினால் 70 மட்டும். ‘வெள்ளவத்தை’ என்று தமிழில் எழுதினால், புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படுவதால், 10 குறிகள். ஆங்கிலத்தில் எழுதினாலும் 10தான். ஆக ஒரே காசுக்கு ஆங்கில எழுத்தில் 16 வெள்ளவத்தை எழுதலாம், தமிழில் 7 எழுதியதும் செய்தி முடிந்துவிடும். மாணவப் பருவத்தில் ‘ரீலோட்’ காசை எண்ணிச் செலவழித்த ஒரு தலைமுறை எந்த எழுத்தைத் தேர்ந்திருக்கும் என்று கேட்க வேண்டியதில்லை.

நிறுத்தக்குறிகளில் தலைமுறைச் சண்டை இன்னும் நுட்பமானது. பெரியப்பா ‘சரி.’ என்று புள்ளி வைத்து அனுப்பினால் மகள் ‘ஏன் கோபம்?’ என்று கேட்கிறாள். அவர் பள்ளியில் படித்தபடி வாக்கியத்தை முடித்தார். அவளுக்கோ, ‘அனுப்பு’ பொத்தானே வாக்கியத்தை முடித்துவிடுவதால், மிச்சமாக வந்த புள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டதுபோல் படுகிறது. அமெரிக்காவின் பிங்காம்ரன் பல்கலைக்கழகத்தில் 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதையே கண்டது: ஒற்றைச் சொல் பதிலின் இறுதியில் புள்ளி இருந்தால் அது உள்ளன்பு குறைந்த பதிலாக மாணவர்களுக்குத் தோன்றியது. புள்ளியின் வேலை மாறியதைக் கண்டு மனம் நோக வேண்டியதில்லை. தமிழ் உரைநடையில் இந்தக் குறிகளைப் பரப்பியவர் 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் (1822–1879). ஐரோப்பிய அச்சு மரபிலிருந்து வந்தவற்றைத் தமிழ் வாசகரின் வசதிக்காக அவர் எடுத்தாண்டார். வாசிப்பவருக்கு விளங்க வேண்டும் என்பதே அவருடைய அளவுகோல். மகள் எதிர்பார்ப்பதும் அதையேதான்.

பேச்சை எழுதினால் மொழி கெட்டுவிடும் என்ற அச்சத்தை ஈழத்தவர் ஏற்கனவே ஒருமுறை பட்டுத் தீர்த்திருக்கிறோம். டொமினிக் ஜீவா, கே. டானியல் போன்றோர் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சைக் கதையில் எழுதியபோது, பண்டிதர்கள் அதை ‘இழிசனர் வழக்கு’ என்றார்கள். 1960களின் முற்பகுதியில் மரபு பற்றிய பெரிய விவாதம் நடந்தது; விமர்சகர்களான க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் எழுத்தாளர்கள் பக்கம் நின்றார்கள். ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுதி 1961இல் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. அவர் 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘மல்லிகை’ இதழ், பின்னாளில் கொட்டாஞ்சேனைப் பக்கம், ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வெளிவந்தது. இன்று அந்தக் கதைகளால் தமிழ் கெட்டது என்று சொல்பவரைக் காண்பது அரிது. எழுத்தாளர் எழுதினால் இலக்கியம், பதினாறு வயதுப் பிள்ளை எழுதினால் பிழை என்பது நியாயமாகாது.

இனி மூன்றாவது குற்றச்சாட்டு: எழுத்தே தமிழ் இல்லை. குறுஞ்செய்திக் கொச்சை எழுத்தறிவைக் கெடுக்காது என்று காட்ட மேல்நாட்டு ஆய்வுகளை எடுத்துக்காட்டுவது வழக்கம். மொழியியலாளர் டேவிட் கிறிஸ்ரல் 2008இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பிரித்தானியாவின் கொவென்றிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குறுஞ்செய்திச் சுருக்கங்களை அதிகம் கையாண்ட சிறுவர்கள் வாசிப்பிலும் தேர்ந்தவர்களாக இருப்பதைக் கண்டார்கள். ஆனால் இந்த முடிவை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. அந்தச் சிறுவர்கள் ஆங்கிலத்தை ஆங்கில எழுத்திலேயே வளைத்தார்கள். வளைக்கும்போதும் அந்த எழுத்தோடு அவர்களுக்குப் பழக்கம் கூடியது. நம் பிள்ளைகள் எழுத்தையே மாற்றிவிட்டார்கள். ஆங்கில எழுத்தில் ண, ன, ந மூன்றும் ஒன்று. ர, ற இரண்டும் ஒன்று. ல, ள இரண்டும் ஒன்று. யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிப்பதால் ‘வழி’க்கும் ‘வளி’க்கும் காது துணைசெய்யாது, கண்தான் நினைவில் வைக்க வேண்டும். அந்தக் கண்ணுக்கு நாள்தோறும் வேலை இல்லாமற்போனால், பரீட்சைக்கு முதல்நாள் பாடமாக்குவது போதாது. இங்கே நட்டம் உண்மையானது.

இந்த நட்டத்துக்கு இப்போது கருவியைக் குறைசொல்ல முடியாது. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்க் கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குறிகள் கொட்டிய காலம் போய்விட்டது. எந்தத் திறன்பேசியிலும் தமிழ் விசைப்பலகையை நிறுவலாம். வட்ஸ்அப்பில் எழுத்துக்குக் காசும் இல்லை. பிறகும் ஏன் ஆங்கில எழுத்து? ஒரே பிள்ளை வகுப்பு நண்பனுக்குச் சிங்களத்திலும் ரியூசன் ஆசிரியருக்கு ஆங்கிலத்திலும் வீட்டுக்குத் தமிழிலும் எழுதும் நகரம் கொழும்பு; மூன்றுக்கும் ஒரே விசைப்பலகை வசதி. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் மச்சான் மச்சாளுக்குத் தமிழ் விளங்கும், வாசிக்கத் தெரியாது. அவர்களையும் குழுவில் வைத்திருக்க ஆங்கில எழுத்தே பொதுவழி. இந்த இரண்டு காரணங்களும் நியாயமானவை. மூன்றாவது காரணம் நம்முடையது. ‘வாறன்’ என்று தமிழ் எழுத்தில் எழுதினால் அது பிழையாகத் தெரிகிறது. யாராவது ஒரு பெரியவர் ‘வருகிறேன் என்று எழுது’ என்பார். அதே சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினால் சரி, பிழை என்ற பேச்சே இல்லை. திருத்துகிறவர் எட்டாத இடத்துக்குப் பிள்ளை ஒதுங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு திருத்தமும் இலக்கணத்தைக் காப்பாற்றுவதாக எண்ணி, எழுத்தை இழக்கச் செய்கிறது.

அப்படியென்றால் எழுத்துத் தமிழுக்கு இடமே இல்லையா, பேச்சை எழுதிப் பழகியவர்கள் சாதாரண தரப் பரீட்சையிலும் ‘வாறன்’ என்றே எழுதமாட்டார்களா என்று கேட்கலாம். சுவிற்சர்லாந்தில் ஜேர்மன் பேசும் பகுதியினர் தமக்குள் வட்டாரப் பேச்சிலேயே செய்தி அனுப்புகிறார்கள். பள்ளியிலும் பத்திரிகையிலும் பொது ஜேர்மனை எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே எழுத்தில் நடப்பதால் ஒன்று மற்றதைக் கொல்லவில்லை. நேர்முகத் தேர்வுக்கு ஒரு மொழி, நண்பனுக்கு ஒரு மொழி என்று பிரித்துப் பேசத் தெரிந்த பிள்ளைக்கு, பிரித்து எழுதவும் வரும். செய்தியைப் பெறுபவர் தெரிந்தவர், விளங்காவிட்டால் திருப்பிக் கேட்பார். அங்கே எழுத்துக்கூட்டல் நெகிழலாம். அறிவித்தற்பலகையை வாசிப்பவர் யாரென்று எழுதியவருக்குத் தெரியாது, கேட்கவும் ஆளில்லை; அங்கே அது இறுக வேண்டும். பஸ் ஆசனத்துக்கு மேலே கர்ப்பிணித் தாய்மாருக்கு என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘நாய்மாருக்கு’ என்று இருந்த படம் பத்திரிகைகளிலும் சமூக ஊடகங்களிலும் சுற்றியது நினைவிருக்கும். தகரம் நகரமானதில் ஒரு சமூகமே அவமானப்பட்டது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அந்த உரிமை பலகையில் ஒழுங்காக இறங்குகிறதா என்று பார்க்க, தமிழ் எழுத்தைச் சட்டென்று வாசித்துப் பிழை காணும் கண்கள் கொழும்பில் வேண்டும்.

அந்தக் கண்களைப் பயிற்றத் தனி இயக்கம் தேவையில்லை. பிள்ளை தமிழ் எழுத்தில் ‘வாறன்’ என்று அனுப்பினால், திருத்தாமல் ‘வாங்கோ’ என்று தமிழ் எழுத்திலேயே பதில் போடலாம். ஆசிரியர்கள் மாணவரின் வட்ஸ்அப் வரிகளையே கரும்பலகையில் எழுதி, அவற்றை எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொல்லலாம். எந்த இடத்துக்கு எந்த வழக்கு என்பது அப்போதுதான் விளங்கும். சிவப்பு மையைக் கட்டுரைக்கும் விண்ணப்பத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் வைத்துக்கொள்வோம். வீட்டுப் பேச்சில் தமிழ் எழுத்து தொடர்ந்து புழங்கினால் இலக்கணத்தைப் பிறகும் கற்பிக்கலாம்; எழுத்தே கைவிட்டுப் போனால் திருத்துவதற்கு எதுவும் மிஞ்சாது.