ஓடைக் கல்லின் கீழ் வாழும் சாட்சிகள்

கமக்காரர்களே, மலைநாட்டு ஓடைகளில் பல்கலைக்கழக மாணாக்கர் நீரோட்டத்துக்கு எதிராகச் சிறு வலையைப் பிடித்து, அதற்கு மேற்புறத்தே அடிக்கற்களைக் காலாற் கிளறிக்கொண்டு நிற்பதை நீங்கள் கண்டிருத்தல் கூடும். புழுப் பொறுக்குவதும் ஒரு படிப்பா என்று நகைப்போரும் உளர். ஆயின், உங்கள் தோட்டத்து மருந்தும் மண்ணும் ஓடையை என்ன செய்கின்றன என்பதை அறிய இதனினும் மலிவான வழியைக் காண்பது அரிது.

நீரைப் போத்தலில் எடுத்துச் சோதித்தால், எடுத்த நேரத்து நிலையே தெரியும். மாலையிற் தெளித்த பூச்சிநாசினி இரவு மழையிற் கழுவுண்டு ஓடையிற் கலந்து, விடியுமுன்னரே கடந்து போய்விடலாம். மறுநாள் எடுத்த நீர் குற்றமற்றதாகத் தோன்றும். கல்லின் கீழ் வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் வாழும் குடம்பிகளோ அவ்விரவின் நஞ்சுக்குத் தப்புவது அரிது. இருக்கவேண்டிய இடத்தில் அவை இல்லாமையே சாட்சியாகும்.

இவற்றுள் இரண்டை எளிதில் இனங்காணலாம். ஒன்று, சிறகு முளைத்தபின் மிகச் சில நாளே வாழும் ஈசல் போன்ற பூச்சியின் இளம்பருவம். வயிற்றின் இருமருங்கும் செவுள்களும், பெரும்பாலும் மூன்று வால்களும் அதற்குண்டு. மற்றது, மணலையோ இலைத்துண்டையோ ஒட்டித் தனக்குக் கூடு சமைத்துக்கொள்ளும் புழு. இவற்றிற் பெரும்பாலானவை பிராணவாயு மிகுந்த தூய நீரையே நாடுவன. இவை மறைந்து, சிவந்த மெல்லிய புழுக்கள் மலிந்திருப்பின், நீர் கெட்டுள்ளதென ஐயுறலாம். நமது குருதியில் உள்ளது போன்ற, பிராணவாயுவைப் பற்றிக்கொள்ளும் பொருளே அவற்றிற்குச் செந்நிறம் தருவது; ஆதலால் அவை அழுகிய சேற்றிலும் பிழைக்கும்.

இவ்வாய்வு நமது நாட்டுக்குப் புதிதன்று. 1970ஆம் ஆண்டில் வியன்னாப் பல்கலைக்கழகத்தாரும், களனியில் அன்றிருந்த வித்தியாலங்காரப் பல்கலைக்கழகத்தாரும் கூடி நமது ஓடைகளில் வாழும் உயிர்களை ஆராய்ந்தனர்.

மாணாக்கரின் முறையை நீங்களும் கையாளலாம். உங்கள் தோட்டத்துக்கு மேலே ஓரிடத்தையும் கீழே ஓரிடத்தையும் தெரிவு செய்க. இரண்டும் கூழாங்கற்களின் மேல் நீர் விரைந்தோடும் இடங்களாயிருத்தல் வேண்டும்; ஒன்று கல்லும் மற்றது சேறுமாயின் ஒப்பீடு பயன்படாது. ஒரே நாளில் ஒவ்வோரிடத்தும் பத்துக் கற்களைப் புரட்டி, கண்டவற்றை எண்ணிக் குறித்துக்கொண்டு, கற்களை முன்போல் வைத்துவிடுக. பெருவெள்ளம் வடிந்தவுடன் எண்ணுதல் ஆகாது; வெள்ளமே பூச்சிகளை வாரிச் சென்றிருக்கும்.

மேலே பல இருந்து கீழே யாதுமில்லையெனின், உடனே மருந்தின்மேற் பழி சுமத்த வேண்டா. லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குப் பாத்திகளிலிருந்து வழியும் மண் கல்லிடைவெளிகளை அடைத்தாலும் அவை வாழா. கல்லின்மேல் மண் படிந்திருப்பின், சமவுயர வடிகானும் மண் தங்கும் குழியும் வெட்டுவதே முதல் வேலை. கல் துப்புரவாயிருந்தும் பூச்சியில்லையெனின், தெளிகருவியை எங்கே கழுவுகின்றீர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். கழுவிய நீரை ஓடையில் ஊற்றாது, மருந்திட்ட பயிரின் மேலேயே தெளித்துவிடுக. நெல் விளைவிப்போர் மருந்திட்ட வயலின் நீரை உடனே வடியவிடாது வரம்பை அடைத்து வைத்தல் வேண்டும். கீழே அவ்வோடையிற் குடிநீர் அள்ளுவோர் உளர்.

கரையோரப் புல்லையும் மரங்களையும் வெட்டாது விடுக. அடுத்த ஆண்டு இதே மாதத்தில், அதே இரண்டு இடங்களிலும் மீண்டும் பத்துக் கற்களைப் புரட்டி எண்ணி, பழைய குறிப்புடன் ஒப்பிடுக.