குப்பை மீனுக்கு ஒரு பிரார்த்தனை

மிச்சிகன் ஏரியில் சால்மன் பிடிக்க ஆளேற்றிச் செல்லும் படகுத் தொழில், யாருக்கும் பிடிக்காத ஒரு சின்ன மீனை நம்பி நடக்கிறது.

ஜூலை மாதத்தில் லூடிங்டன் துறைமுகம் விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்கிறது. நாலரை மணிக்குப் படகுத்துறையில் விளக்குகள் எரிய, தெர்மாஸ் பிளாஸ்க்கும் கம்பளிச் சட்டையுமாக ஆட்கள் வந்து சேர்கிறார்கள். கோடைதான். ஆனாலும் ஏரிக்குள் சற்றுத் தூரம் போனால் குளிர் எலும்பைத் தொடும். வருபவர்கள் மீனவர்கள் அல்ல. நகரத்து ஆபீஸ்காரர்கள், விடுமுறைக்கு வந்த குடும்பத்தினர், பேரனுக்கு முதல் மீனைப் பிடித்துக் கொடுக்க ஆசைப்படும் தாத்தாக்கள். பல நூறு டாலர் கொடுத்துப் படகு, கேப்டன், தூண்டில், இரை எல்லாவற்றையும் சேர்த்து அரை நாளுக்கு வாடகைக்கு எடுத்தவர்கள்.

சின்னப் படகென்றால் ஆறு பேர்தான். அதற்கு மேல் ஏற்ற வேண்டுமானால் கடலோரக் காவல் படை சோதித்துச் சான்று தந்த படகு வேண்டும். இந்த ஆறு பேர் லைசென்சுக்கு அங்கே செல்லப்பெயர் ‘சிக்ஸ் பேக்’. ஆறு பீர் டப்பா அடங்கிய கட்டுக்கும் அதே பெயர்தான்.

ஏரி என்றதும் நைனிதாலை நினைத்துக்கொள்ளக் கூடாது. மிச்சிகன் ஏரியின் பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர், கேரளத்தைப் போல ஒன்றரை மடங்கு. ஆழம் மிகுந்த இடத்தில் 281 மீட்டர். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது.

இவ்வளவு தண்ணீரில் மீனை எங்கே தேடுவது? கேப்டனின் வித்தை இங்கேதான் இருக்கிறது. கோடையில் ஏரியின் மேல்நீர் சூடாகிவிடும், அடிநீர் சில்லிட்டே இருக்கும். சால்மனுக்குப் பிடித்தது இரண்டுக்கும் நடுவே உள்ள, பத்துப் பன்னிரண்டு டிகிரி செல்சியஸ் நீர். காற்று திசை மாறினால் அந்த அடுக்கும் இடம் மாறிவிடும். நேற்று 15 மீட்டரில் இருந்தது இன்று 30 மீட்டரில் இருக்கலாம். நாலைந்து கிலோ எடையுள்ள ஈயக் குண்டைக் கம்பியில் கட்டி அந்த ஆழத்துக்கு இறக்குகிறார்கள். தூண்டில் நரம்பை அதோடு ஒரு கிளிப்பில் மாட்டிவிடுகிறார்கள். மீன் கவ்வினால் நரம்பு தனியே கழன்றுகொள்ளும். பக்கவாட்டில் மிதந்து விலகிப் போகும் பலகைகளிலும் தூண்டில்கள் உண்டு. வேகமாக நடக்கும் மனிதனின் வேகத்தில் படகு ஊர்கிறது. பத்துக்கும் மேற்பட்ட நரம்புகள் ஒன்றோடொன்று சிக்காமல் பின்னால் வருகின்றன.

திடீரென்று ஒரு கம்பு நிமிர்ந்து, ரீல் அலறும். வாடிக்கையாளர் ஓடிப்போய்ப் பிடிக்கிறார். மீனைப் பிடித்தது அவர்தான் என்பது இந்தத் தொழிலின் சம்பிரதாயம். ஆழம் பார்த்தது, தூண்டில் போட்டது, கடைசியில் வலையில் வாரியது எல்லாம் கேப்டனும் உதவியாளும்தான். ஆனால் போட்டோவில் அவர்கள் நிற்பதில்லை. 2021 ஆகஸ்டில் லூடிங்டன் அருகே இப்படி ஒரு வாடகைப் படகில் பிடிபட்ட சினூக் சால்மன் 47.86 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 22 கிலோ. மிச்சிகன் மாநிலத்தில் 1978 முதல் நிலைத்திருந்த சாதனையை அது முறியடித்தது.

இத்தனை ஆரவாரத்துக்கும் காரணமான சால்மன் இந்த ஏரியின் மீனே அல்ல. பசிபிக் கடலிலிருந்து வந்தது. வந்தது என்பதைவிடக் கொண்டுவந்தார்கள் என்பதே சரி.

இங்கே காலங்காலமாக ராஜ்யம் நடத்தியது ஏரி டிரவுட். 1940களின் தொடக்கத்தில் வலைக்காரர்கள் ஆண்டுக்கு 2,500 டன்னுக்கு மேல் பிடித்தார்கள். நயாகரா அருவியைச் சுற்றிக் கப்பல்கள் போக வெட்டிய வெல்லண்ட் கால்வாய் வழியாக, அட்லாண்டிக்கின் லாம்ப்ரே மேல் ஏரிகளுக்குள் நுழைந்தது. விலாங்கு போன்ற உடல், தாடையில்லாத வட்ட வாய், வாய் நிறையப் பல். மீனின் விலாவில் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும் ஒரு லாம்ப்ரே, தன் வாழ்நாளில் 18 கிலோ மீனைக் கொன்றுவிடும் என்பது கணக்கு. மிச்சிகன் ஏரியில் அது 1936-ல் தென்பட்டது. இருபது ஆண்டுகளில் டிரவுட் ஏறக்குறைய அழிந்தது. வலைக்காரர்களின் பங்கும் அதில் உண்டு.

வேட்டையாடும் மீன் இல்லாத ஏரியில் அடுத்த விருந்தாளி குடும்பம் நடத்தியது: அலெவைஃப். மத்தி ஜாதியைச் சேர்ந்த, உள்ளங்கை நீளமே உள்ள கடல் மீன். 1960களின் நடுவில் ஏரியிலிருந்த மீன்களின் மொத்த எடையில் பத்துக்கு எட்டு ஒன்பது பங்கு இதுதான் என்று மதிப்பிட்டார்கள். 1967 கோடையில் அது கோடி கோடியாகச் செத்துக் கரை ஒதுங்கியது. சிகாகோ கடற்கரைகளில் யந்திரம் வைத்து அள்ளினார்கள். நாற்றத்தில் சுற்றுலா படுத்துவிட்டது.

அதற்குள் வைத்தியம் தொடங்கியிருந்தது. ஆயிரக்கணக்கான ரசாயனங்களைச் சோதித்துக் கண்டெடுத்த ஒரு மருந்தை ஓடைகளில் ஊற்றி லாம்ப்ரே குஞ்சுகளைக் கொன்றார்கள். 1964-ல் மிச்சிகன் மாநில மீன்வளத் துறைத் தலைவரான ஹோவர்ட் டானர், ஆரிகன் மாநிலத்தில் மிஞ்சிய கோஹோ சால்மன் முட்டைகளை வாங்கிப் பொரித்து, 1966 ஏப்ரலில் குஞ்சுகளை பிளாட் நதியில் விட்டார். மறு ஆண்டு சினூக். அலெவைஃபைத் தின்று அவை கொழுத்த வேகம் அதிகாரிகளையே திகைக்கவைத்தது. 1967 இலையுதிர் காலத்தில் சால்மன் ஜுரம் பிடித்த மக்கள், கையில் கிடைத்த படகோடெல்லாம் ஏரியில் இறங்கினார்கள். செப்டம்பர் 23 அன்று எழுந்த புயலில் ஏழு பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் கூட்டம் குறையவில்லை. ஏரியைத் தெரிந்த கேப்டனோடு போவதே புத்திசாலித்தனம் என்றாயிற்று. செத்துக்கொண்டிருந்த துறைமுக ஊர்களில் மோட்டல்களும் தூண்டில் கடைகளும் முளைத்தன.

அன்று குப்பை என்று அள்ளிய அலெவைஃபுக்காகத்தான் இன்று கேப்டன்கள் வேண்டிக்கொள்கிறார்கள். சினூக் அதைத் தவிர மற்றதைச் சீந்துவது குறைவு. 1980களின் இறுதியில் சிறுநீரக நோய் பரவிச் சினூக் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது முதல் அடி விழுந்தது. அடுத்து, கப்பல்கள் கொட்டிய நீரில் வந்த குவாகா சிப்பி ஏரியின் அடித்தளமெங்கும் பரவி, நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்றது. தண்ணீர் கண்ணாடியானது. அலெவைஃபுக்குத் தீனி குறைந்தது.

பக்கத்து ஹூரான் ஏரியில் நடந்ததைக் கேப்டன்கள் மறக்கவில்லை. 2003-2004-ல் அங்கே அலெவைஃப் மறைய, பின்னாலேயே சினூக்கும் போயிற்று. படகை விற்றவர்கள் பலர். மிச்சிகன் ஏரிப் பக்கம் வந்து சேர்ந்தவர்கள் சிலர். ஆனால் அதே ஹூரானில்தான் சொந்த மண்ணின் மீன்களான வாலையும் ஏரி டிரவுட்டும் தலையெடுத்தன. அலெவைஃபைத் தின்னும் டிரவுட்டின் முட்டைகளில் தயாமின் சத்துக் குறைந்து குஞ்சுகள் சாகின்றன. பிழைத்த குஞ்சையும் அலெவைஃபே தின்கிறது. பழைய ஏரி திரும்ப வேண்டும் என்பவருக்கு அது எதிரி, வாடகைப் படகுக்காரருக்கு அது முதலீடு. இரண்டு தரப்பும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கேப்டனுக்குப் படகுக் கடன் இருக்கிறது, டிரவுட்டுக்காகக் காத்திருக்க அவருக்கு அவகாசம் இல்லை.

பிடித்த மீனைச் சாப்பிடுவதிலும் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்காவில் 1979-ல் தடைசெய்த பி.சி.பி. ரசாயனம் இன்னும் ஏரி மீனின் கொழுப்பில் தங்கியிருக்கிறது. பெரிய மீனில் அதிகம். எத்தனை நாளுக்கு ஒருமுறை தின்னலாம் என்று மாநில அரசுகள் அறிவுரை வெளியிடுகின்றன. தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கிவிடச் சொல்கின்றன.

ஹூரானின் கதி இங்கே வராமல் இருக்க, 2013-ல் மாநிலங்கள் சேர்ந்து சினூக் குஞ்சு விடுவதைப் பாதியாகக் குறைத்தன. கேப்டன்கள் முணுமுணுத்தாலும் பலர் ஒப்புக்கொண்டார்கள். அலெவைஃப் சற்றுத் தேறியதும் 2022-ல் மிச்சிகன் மாநிலம் எண்ணிக்கையை மறுபடி உயர்த்தியது. அரசு விடுவதோடு முடிவதில்லை, ஆறுகளில் தானாகவே பிறக்கும் சினூக்கும் ஏராளம்.

இலையுதிர் காலத்தில் மூன்று நான்கு வயதுச் சினூக்குகள் முட்டையிட்டுச் சாவதற்காக ஆறுகளில் ஏறுகின்றன. லிட்டில் மனிஸ்டீ நதியில் குறுக்கே தடுப்புப் போட்டு, துறை ஊழியர்கள் அவற்றின் முட்டையை எடுக்கிறார்கள். மீன் எடை கூடியிருந்தால் ஏரியில் அலெவைஃப் நிறைய இருந்தது என்று பொருள். அடுத்த ஆண்டு எத்தனை குஞ்சு விடலாம் என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது.