யப்பானிலிருந்து வரும் பழைய அகழ் இயந்திரங்கள்

நறுவிலிக்குளம் போன்ற வயற்கிராமங்களில் குளந் தூர்வாரவும் வாய்க்கால் வெட்டவும் இன்று ‘பெக்கோ’ இன்றியமையாததாயிற்று. இலங்கையில் இஃது உற்பத்தியாவதில்லை. ஆதலின் ‘உள்நாட்டு மாதிரி’ என்பது ஈண்டு உற்பத்தியாளரின் முகவர் விற்பதையே குறிக்கும். முகவரைச் சாராது, யப்பானில் உழைத்துத் தேய்ந்தபின் வந்திறங்குவது மற்றையது. பெயரும் நிறமும் ஒன்றாயினும் இரண்டும் ஒன்றல்ல.

யப்பானியச் சந்தைக்கென ஆக்கியவற்றில் எச்சரிக்கைக் குறிப்புகளும் கைந்நூலும் அம்மொழியிலேயே இருக்கும். பழைய குபோட்டா உழவு இயந்திரங்களின் இறக்குமதித் தடையை 1999ஆம் ஆண்டில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று உறுதிசெய்தபோது இதனையும் கருத்திற் கொண்டது. உள்ளுறுப்புகளிலும் பேதமுண்டு. அண்மைக்கால யப்பானிய எஞ்சின்கள், பத்து இலட்சத்தில் 10 பங்குக்கு மேற் கந்தகமில்லாத டீசலுக்கென அமைந்தவை. கந்தகம் மிகுந்த டீசல் அவற்றின் புகைவடிகட்டியைக் கெடுத்துவிடும். பாகங்களோ தொடரிலக்கப்படியே பட்டியலாகும். முகவரின் பட்டியலில் அவ்விலக்கம் இராவிடின், ஒரு சிறு ‘சீல்’ வளையத்துக்காக இயந்திரம் வாரக்கணக்கிற் படுத்துவிடும். ஐப்பசி மழைக்கு முன் அணைக்கட்டை வெட்டித் திறந்துவிட்ட ஊருக்கு இது விளையாட்டன்று.

விலைக்குறைவை யான் இகழேன்; கடனுக்கஞ்சும் கமக்காரனுக்கு வேறு வழியேது? ஆயின் மணித்தியாலக் கணிப்பானை நம்பாது, தொடரிலக்கத் தகட்டைப் படித்து, அதற்குப் பாகங் கிடைக்குமாவென விசாரித்தபின்னரே முற்பணங் கொடுத்தல் வேண்டும். கைப்பிடிகளையும் இயக்கிப் பார்க்க. சில பழைய இயந்திரங்களில் அவற்றின் இயக்கமுறையே மாறியிருக்கும்.