இருப்புப் பாதையை நீட்டும் வழி

துணுக்காயிலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ புகையிரதத்திற் செல்ல விரும்பும் ஒருவர், முதலிற் கிழக்கே மாங்குளத்தை அடைதல் வேண்டும். வடபகுதிப் பாதை 1905ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே வண்டிகள் நின்றன. போர்க்காலத்தில் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. பின்னர் பாதை புதிதாக அமைக்கப்பட்டு, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி வந்து சேர்ந்தது. பாதை மீண்டுவிட்டது. ஆயினும், அன்றாடம் கல்விக்கும் கந்தோருக்கும் வைத்தியசாலைக்கும் செல்வோர் அதனாற் பெறும் பயனை எவ்வாறு பெருக்கலாம் என்பது சிந்திக்கத்தக்கது.

நெடுந்தூர வண்டியின் நேரம் தலைநகரை நோக்கி வகுக்கப்படுவது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி அவ்வகையினது. காலையில் வவுனியாவுக்கோ, பல்கலைக்கழகப் பீடங்கள் அமைந்துள்ள அறிவியல் நகருக்கோ சென்று மாலையில் வீடு திரும்ப வேண்டியவருக்கு அது மட்டும் போதாது. சிறு நிலையங்கள்தோறும் நின்று, ஒரே நாளிற் பன்முறை போய்வரும் குறுந்தூர வண்டியே அவருக்கு வேண்டுவது. இலகு டீசல் புகையிரதம் இத்தேவைக்கு ஏற்றதாகும்.

அதன் அமைப்பு எளிது. தனி இயந்திர வண்டி அதற்கில்லை. பெட்டித் தொகுதியிலேயே டீசல் இயந்திரம் பொருத்தப்பட்டிருக்கும். இரு முனைகளிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஆதலின், கடைசி நிலையத்தில் இயந்திரத்தைக் கழற்றி மறுபுறம் பூட்டும் வேலை இல்லை. ஓட்டுநர் மறுமுனைக்கு நடந்து சென்றாற் போதும். மின்சார வண்டிக்கு வேண்டிய கம்பங்களும் கம்பிகளும் இதற்குத் தேவையில்லை. இலங்கைக்கு டீசல் தொடர்வண்டி புதிதன்று. 1938ஆம் ஆண்டிலேயே அத்தகைய மூன்று வண்டிகள் இங்கு வந்தன. பிற்காலத்தில், இரண்டு பஸ் வண்டிகளை முதுகோடு முதுகு பொருத்தித் தண்டவாளத்தில் ஓடச்செய்த ரெயில் பஸ்ஸும் சில பாதைகளில் ஓடியது.

கனடாவின் தலைநகரான ஒட்டாவா இதற்கு நல்ல சான்று. 2001இல் அந்நகரம், சரக்கு வண்டிகளுக்கென இருந்த ஒற்றைப் பாதையில், எட்டுக் கிலோமீற்றர் தூரத்துக்கு, மூன்றே டீசல் வண்டிகளைக் கொண்டு பயணிகள் சேவையைத் தொடங்கியது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகள் விலகு பாதை உள்ள இடத்திலேயே ஒன்றையொன்று கடக்க முடியும். எனவே, வண்டிகளை அடிக்கடி விட எண்ணியபோது, விலகு பாதைகளை முதலில் அதிகரிக்க வேண்டியதாயிற்று. தெற்கே பாதையை நீட்டும் பணிக்காக 2020இல் மூடப்பட்ட சேவை, 2025 சனவரியிலேயே மீண்டும் தொடங்கியது. இருந்த பாதையிற் சேவை தொடங்குதல் எளிது. பாதையை நீட்டுதல் நெடுங்காலப் பணி.

நம் நாட்டு அனுபவமும் இதுவே. 1895 முதல் மாத்தறையோடு நின்ற தென்பகுதிப் பாதை, 2019 ஏப்பிரலில்தான் பெலியத்தை வரை நீண்டது. நீண்ட தூரம் ஏறத்தாழ 27 கிலோமீற்றரே. அதற்கான பணியோ 2013இலேயே தொடங்கியிருந்தது.

ஆகவே, மாங்குளத்திலிருந்து துணுக்காய்க்குத் தண்டவாளம் வரும் நாளை எதிர்பார்த்திருத்தல் அறிவுடைமையாகாது. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையே இருக்கின்ற பாதையில், காலையும் மாலையும் சிறு டீசல் வண்டிகள் ஓடுதல் வேண்டும். புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி ஆகிய நிலையங்களில் அவை தவறாது நிற்றல் வேண்டும். அவ்வண்டியின் நேரத்துக்கு இசைய, மல்லாவி வழியாகத் துணுக்காய் பஸ் மாங்குளத்தில் வந்து காத்திருத்தல் வேண்டும். நெடுந்தூர வண்டிகளுக்கு இடையூறு நேராதபடி, கடக்கும் நிலையங்களையும் நேரங்களையும் முன்கூட்டியே வகுத்தலும் இன்றியமையாதது.

டீசல் இறக்குமதிப் பொருள் என்பதும், 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாடும் மறக்கத்தக்கவையல்ல. எனினும், பலர் ஒன்றாகச் செல்லும் வண்டியில் ஆளொருவருக்குச் செலவாகும் எண்ணெய் குறைவு. பஸ் பத்து நிமிடம் பிந்தியதால் வண்டியைத் தவறவிட்டு, பரீட்சை நாளில் மாங்குளத்து மேடையில் மாணவி ஒருத்தி நிற்பாளாயின், எத்தனை மைல் தண்டவாளம் இருந்தும் அவளுக்குப் பயனில்லை. பஸ்ஸும் வண்டியும் நேரத்தில் இணையும் நாளில், அவ்விருப்புப் பாதை துணுக்காய் வரை நீண்டதாகவே கொள்ளலாம்.