கட்பீஸில் ஒரு பரிசு

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

தலைப்பைப் பார்த்ததும், "இது என்னப்பா, நம்ம மலர்ல தையல் கிளாஸ்?" என்று சிலர் பக்கத்தைத் திருப்பப் போவது தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். மார்க்கிங், கட்டிங், அலவன்ஸ், அசெம்பிளி, ஃபினிஷிங் என்று ஒர்க்ஷாப்பில் நாம் இரும்பில் செய்கிற அத்தனையும் துணியிலும் உண்டு. "தையல் பெண்கள் வேலை" என்று யாராவது சொன்னால், கடைவீதி வரை ஒரு நடை போய், டெய்லர் கடையில் மெஷின் மிதிப்பவர் யார் என்று பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்!

குவில்ட் என்றால் என்ன?

ரொம்ப சிம்பிள். ஒரு சாண்ட்விச். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சோ பழைய கம்பளியோ துண்டோ. மூன்றும் நகராமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுத்தையல். இதுதான் குவில்ட். வடக்கே குளிருக்குப் போர்த்துகிற ரஜாய் இந்த இனம்தான்.

இது பணக்காரர்கள் கண்டுபிடித்த கலை இல்லை. வங்காளத்துப் பெண்கள் கிழிந்த சேலை, வேட்டிகளை அடுக்கித் தைத்ததுதான் 'காந்தா'. தைக்கும் நூலைக்கூடப் பழைய சேலையின் கரையிலிருந்து உருவி எடுப்பார்களாம். பீகாரில் 'சுஜனி'. கர்நாடகத்தின் வடகன்னடப் பகுதியில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைப்பது 'கவந்தி'. அதை ஓரத்தில் ஆரம்பித்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே போய் நடுவில் முடிப்பார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் கிராமத்துக் கறுப்பினப் பெண்கள், வயலுக்குப் போட்டுக் கிழிந்த உடைகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வைகள் 2002-ல் ஹூஸ்டன் நகரக் கலை அருங்காட்சியகச் சுவரில் ஏறின. கந்தல் என்று நாம் ஒதுக்குவதன் மதிப்பைப் பார்த்தீர்களா?

முதல் பரிசு அம்மாவுக்கு

நம் வீடுகளில் கொதிக்கிற பாத்திரத்தை அம்மா எதனால் இறக்குகிறார்? பாதி நேரம் முந்தானையால்! அடுப்பு எரியும்போது முந்தானை தீப்பிடிக்க ஒரு நொடி போதும். அது நைலக்ஸ், பாலியஸ்டர் சேலையாக இருந்துவிட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே நாம் செய்யப் போகும் முதல் பொருள் ஒரு கனமான பிடிதுணி.

தேவையானவை: கத்தரிக்கோல், ஊசி, காட்டன் நூல், குண்டூசி, இன்ச் டேப், ஸ்கேல், மார்க்கிங் சாக்பீஸ், பழைய டர்க்கி டவல் ஒன்று. துணிக்குக் காசு வேண்டாம். தெரிந்த டெய்லரிடம் கேட்டால் வெட்டி மிஞ்சிய கட்பீஸ் ஒரு பையே தருவார். ஆனால் சுத்தக் காட்டனாகப் பொறுக்குங்கள். முதலில் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுவிடுங்கள். சுருங்குவது, சாயம் போவது எல்லாம் தைப்பதற்கு முன்பே நடந்து முடியட்டும்.

1. அடர் நிறத்தில் 5, வெளிர் நிறத்தில் 4 என, 3 அங்குலச் சதுரங்கள் 9 வெட்டுங்கள்.

2. சதுரங்கப் பலகை போல அடுக்கி, மும்மூன்றாகச் சேர்த்து மூன்று வரிசைகள் தையுங்கள். ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தையல் வரவேண்டும்.

3. பின்பக்கம் தையல் மடிப்புகளை இஸ்திரியால் படியவைக்க வேண்டும். முதல் வரிசையில் வலப்பக்கம், இரண்டாவதில் இடப்பக்கம், மூன்றாவதில் மறுபடி வலப்பக்கம். அப்போதுதான் வரிசைகளை இணைக்கும்போது மூலைகள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பூட்டிக்கொள்ளும்.

4. மூன்று வரிசைகளையும் இணைத்தால் மேல்துணி ரெடி. அளவு? 3 அங்குலம் மூன்று, மொத்தம் 9. நடுவில் இரண்டு தையல், ஒவ்வொன்றும் இருபக்கமும் கால் கால் அங்குலம் தின்னும். ஆக 1 அங்குலம் போய் மீதி 8. உங்களுக்கு 7¾ வந்தால், ஒவ்வொரு தையலும் 1/16 அங்குலம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். தூசி மாதிரித் தவறு நான்கு இடத்தில் சேர்ந்து கால் அங்குலமாகிவிட்டது. க்யூமுலேட்டிவ் எரர் என்று வாத்தியார் சொல்வது இதைத்தான்!

5. அடித்துணி ஒன்று, டவல் துண்டு இரண்டு, மூன்றையும் 9 அங்குலச் சதுரமாக வெட்டி அடுக்கி, மேலே தைத்த துணியை வையுங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீளத்தையலில் தற்காலிகமாகக் கோர்த்துக்கொள்ளுங்கள். வெல்டிங்கில் டாக் வைக்கிறோமே, அதே வேலை.

6. இப்போது உண்மையான குவில்ட்டிங். இதையும் நடுவிலிருந்தே ஆரம்பித்துச் சதுரங்களின் ஓரமாகத் தைத்துக்கொண்டு போங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் துணி நடுவில் உப்பிக்கொள்ளும். மெஷின் என்றால் 16-ம் நம்பர் ஊசி, கொஞ்சம் நீளமான தையல். ஹாஸ்டல் நண்பர்கள் கையாலேயே தைக்கலாம், விரலுக்கு உறை மட்டும் மறக்காதீர்கள்.

7. ஓரங்களைச் சமமாக வெட்டி, 1½ அங்குலப் பட்டையால் சுற்றிலும் விளிம்பு கட்டி, மூலையில் மாட்டுவதற்கு ஒரு வளையம் வைத்து முடியுங்கள். அடுப்புக்கு எட்டத்தில் ஆணி அடித்து மாட்டச் சொல்லுங்கள்.

ஏன் சுடுவதில்லை?

சூட்டைத் தடுப்பது துணி மட்டுமல்ல, நூலிழைகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட காற்றும்தான். காற்று வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். தண்ணீர் அதைப் போல இருபது மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். பிடிதுணி நனைந்தால் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் உட்கார்ந்துகொள்ளும், கை சுட்டுவிடும். ஆகவே பரிசைக் கொடுக்கும்போது, "ஈரமா இருந்தா இதால பிடிக்காதம்மா" என்று மறக்காமல் சொல்லுங்கள். உள்ளே ஸ்பாஞ்ச், பாலியஸ்டர் பஞ்சு எதுவும் வேண்டாம் என்கிறேன். சூட்டில் உருகிவிடும்.

இரண்டாவது பரிசு நண்பனுக்கு

கால்குலேட்டரை டிராஃப்டரோடும் டிஃபனோடும் ஒரே பையில் திணித்து, டிஸ்ப்ளே போய்விட்டது என்று அழுகிற நண்பன் எல்லோருக்கும் ஒருவன் இருப்பான். அவனுக்கு ஒரு மெத்தை உறை. இங்கே சூடு கிடையாது என்பதால் உள்ளே மெல்லிய ஸ்பாஞ்ச் வைக்கலாம்.

அளவு எடுப்பதில்தான் விஷயம். பொருளின் அகலத்தோடு கனத்தையும் கூட்டவேண்டும். கால்குலேட்டர் 8 செ.மீ. அகலம், 1.5 செ.மீ. கனம், 16 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். 8 + 1.5 = 9.5. இருபக்கத் தையலுக்கு 1.2. தளர்வாக நுழைய 1. மொத்தம் 11.7, அதாவது 12 செ.மீ. அகலம். நீளத்துக்கு ஒரே துண்டை அடியில் மடிக்கிறோம். 16 + 16 + 1.5 + தளர்வு 1 = 34.5. மூடிக்கு 5½ சேர்த்தால் 40 செ.மீ. ஒரு எச்சரிக்கை: குவில்ட் செய்யச் செய்யத் துணி கொஞ்சம் சுருங்கும். ஆகவே பெரிய துண்டாகவே அடுக்கித் தைத்துவிட்டு, அதன் பிறகு 12க்கு 40 வெட்டுங்கள். குறுகிய ஓரங்கள் இரண்டுக்கும் விளிம்பு கட்டி, மடித்து, பக்கங்களைத் தைத்து, மூடிக்கு ஒரு பிரஸ் பட்டன் வைத்தால் வேலை முடிந்தது.

இதே கணக்கில் தாத்தாவுக்குக் கண்ணாடிக் கூடு, தங்கைக்குப் பென்சில் பை, அக்கா குழந்தைக்கு ஒன்பதுக்குப் பதில் நூறு சதுரங்களில் ஒரு குட்டிப் போர்வை என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

பிறந்தநாள் வந்தால் கையில் காசில்லையே என்று முழிக்கிறோம். கடையில் வாங்கிய பீங்கான் பொம்மை ஷோகேஸில் தூசி படியும். நாம் தைத்த பிடிதுணி தினம் மூன்று வேளை அம்மா கையில் இருக்கும், அந்தக் கையைச் சுடாமல் காக்கும். முதல் துணி கோணல்மாணலாக வந்தாலும் பரவாயில்லை, சூட்டைத் தடுக்க அழகு தேவையில்லை! இந்த லீவிலேயே டெய்லர் கடைக்குப் போய் ஒரு பை கட்பீஸ் கேட்டு வாங்குங்கள், தோழர்களே!